தலைப்பு கொடுக்கிறவர், தலைப்பு எடுக்கிறவர்

1

தமிழ்த்துறை வராந்தாவில் 'நீ என்ன தலைப்பு எடுத்திருக்கே?' என்று யாரும் கேட்பதில்லை. 'உனக்கு என்ன தலைப்பு கொடுத்திருக்காரு?' என்றுதான் கேட்கிறார்கள். எடுப்பதற்கும் கொடுக்கப்படுவதற்கும் இடையில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஆய்வு முறையியல் பாடம் நடத்துகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. அடிக்குறிப்பு எப்படிப் போடுவது, இயல் எப்படிப் பிரிப்பது, நூற்பட்டியலில் ஊர் முதலில் வருமா ஆண்டு முதலில் வருமா என்பதெல்லாம் சொல்லித் தருவார்கள். ஒரு கேள்வி எங்கிருந்து பிறக்கிறது, அதை வெட்டிச் சிறிதாக்குகிறவர் யார், வெட்டும்போது எந்தப் பக்கம் கீழே விழுகிறது என்பது மட்டும் பாடத்தில் வராது.

கொடுக்கப்படுகிற தலைப்புகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. 'இன்னார் நாவல்களில் பெண்கள்', 'இன்னார் சிறுகதைகள் காட்டும் சமுதாயம்', 'இன்னார் கவிதைகளில் மனிதநேயம்'. இடியாப்ப உழக்கு மாதிரி. மாவு மாறும், துளை மாறாது. 1989இல் சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1992இல் பாமாவின் 'கருக்கு', 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' என்று வந்தபோது, இனி இந்த உழக்கு உடையும் என்று நம்மில் பலர் நம்பினோம். அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டி எழுந்த வேகம் அப்படி. உழக்கு உடையவில்லை. புது மாவு உள்ளே போயிற்று, 'இன்னார் படைப்புகளில் தலித்தியம்' என்று வெளியே வந்தது. ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கிற சோத்கங்காவைத் திறந்து தமிழ்ப் பகுதியில் ஒரு மணி நேரம் மேய்ந்து பாருங்கள், நான் மிகைப்படுத்தவில்லை என்பது தெரியும்.

இந்தத் தலைப்புகளில் என்ன கோளாறு? அவற்றில் கேள்வி கிடையாது. தலித் ஒருவர் தன் சேரியைப் பற்றி எழுதிய நூலில் தலித் வாழ்க்கை இருக்கிறதா என்று 200 பக்கம் தேடி, இருக்கிறது என்று முடிவுரையில் சொல்கிறார்கள். இல்லை என்று வருவதற்கு வழியே இல்லாத தேடல் அது. தேடாமலே தெரிந்த ஒன்றைத் தேடச் சொல்லி நம் பிள்ளைகளின் மூன்று வருஷத்தையும் நாலு வருஷத்தையும் வாங்கிக்கொள்கிறது பல்கலைக்கழகம்.

2

நான் எம்.ஃபில். சேர்ந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயரும் ஆசிரியர் பெயரும் இங்கே வேண்டியதில்லை. அவரை ஒரு ஆளாக நான் பார்க்கவில்லை, ஒரு வகையாகத்தான் பார்க்கிறேன். எங்கள் பக்கத்துச் சேரிகளுக்குப் பள்ளிக்கூடம் எப்போது வந்தது, யார் கேட்டு வந்தது, அதைப் பற்றி அந்தக் காலத்து நம் ஆட்கள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று போய் நின்றேன்.

"ஏம்ப்பா, இது ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் சமாச்சாரம். இலக்கியமா ஏதாச்சும் சொல்லு."

"நம்ம ஆளுங்க அப்பவே பத்திரிகை நடத்தியிருக்காங்கய்யா. அதுல எழுதியிருக்காங்க."

"அதெல்லாம் கிடைக்காது. கிடைச்சாலும் தரம் இருக்காது. நீ ஒண்ணு பண்ணு, உங்க ஆளுங்க எழுதின நாவல் ஒண்ண எடுத்துக்க. வாழ்வியல்னு போட்டுக்க. ஆறு மாசத்துல முடிஞ்சிரும்."

என்னோடு சேர்ந்த இன்னொரு பையனுக்கு நேர் எதிரான புத்திமதி கிடைத்தது. "எப்பப் பாத்தாலும் இதையேவா பேசுவீங்க? சங்க இலக்கியத்துல ஏதாச்சும் எடு. பொதுவா இருக்கும்." ஒருவனைச் சேரிக்குள்ளேயே இரு என்றார்கள், இன்னொருவனைச் சேரியை விட்டு வா என்றார்கள். இரண்டிலும் கேள்வி கேட்கிற உரிமை எங்கள் கையில் இல்லை.

அந்த முதல் உரையாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'கிடைக்காது' என்பது ஒரு தகவல். அதைச் சொல்வதற்கு முன் ஒரு நூலகத்திலாவது தேடியிருக்க வேண்டும். அவர் தேடவில்லை. இருக்காது என்ற நம்பிக்கை அவருக்குள் இருந்தது, அது தகவலின் வேஷத்தில் வெளியே வந்தது. 'தரம் இருக்காது' என்பது படிக்காமலே வழங்கப்பட்ட தீர்ப்பு. 'ஆறு மாசத்துல முடிஞ்சிரும்' என்பதில்தான் அவருடைய கரிசனம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எது சீக்கிரம் முடியும் என்பதை வைத்துக் கேள்வியை வெட்டினால், வெட்டுப்படுவது எப்போதும் பதில் தெரியாத பாதிதான்.

தலைப்பைச் சுருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சுருக்கியே ஆக வேண்டும். 'சேரிக் கல்வி' என்பது தலைப்பு ஆகாது, அது ஒரு கடல். ஆனால் சுருக்குவதில் இரண்டு வகை இருக்கிறது. கேள்வியைச் சுற்றி வேலி போட்டு அது எங்கேயும் போய் முட்டாதபடி பார்த்துக்கொள்வது ஒன்று. அரிவாளைச் சாணை பிடிக்கிற மாதிரி, தேய்த்துத் தேய்த்து, படுகிற இடத்தில் வெட்டுகிற அளவுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. முதலாவதை அறையில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம். இரண்டாவதற்கு நூலகத்துக்குப் போக வேண்டும்.

3

சாணை பிடிப்பது எப்படி என்று காட்ட அம்பேத்கரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவரை நாம் தலைவராக, சட்ட மேதையாக, பௌத்தராகப் படிக்கிறோம். கருத்தரங்கக் கட்டுரை எழுதிய ஒரு மாணவராகப் படிப்பதில்லை.

1916 மே 9ஆம் தேதி, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் சாதிகள், அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி என்பது பொருள். அடுத்த ஆண்டு 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் அச்சாயிற்று. தமிழிலும் கிடைக்கிறது. தலைப்பைப் பார்த்தால் கடல்தான். உள்ளே போய்ப் பாருங்கள், கடலை அவர் எப்படி ஒரு வாய்க்காலுக்குள் கொண்டுவருகிறார் என்பது தெரியும்.

முதலில், தனக்கு முன்னால் எழுதியவர்களை எடுத்து வைக்கிறார். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று நான்கு பேர். நால்வரும் சாதிக்குச் சொன்ன இலக்கணங்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார். தீட்டு என்கிறார் ஒருவர். தீட்டு, பூசாரித்தனம் இருக்கிற எல்லா இடத்திலும் உண்டு, அது சாதிக்கு மட்டும் உரிய குணம் ஆகாது என்று ஒதுக்குகிறார். கூட உட்கார்ந்து சாப்பிடாதது என்கிறார் இன்னொருவர். அது சாதியின் விளைவு, அதைக் காரணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று அதையும் ஒதுக்குகிறார். கலப்பு மணத்துக்குத் தடை, பிறப்பால் மட்டுமே உறுப்பினர் என்று கேட்கர் இரண்டு சொல்கிறார். இரண்டும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம், எதற்குத் தனித்தனியாக எண்ண வேண்டும் என்று சேர்த்துவிடுகிறார். கழித்துக் கழித்துக் கடைசியில் கையில் நிற்பது அகமணம் ஒன்றுதான்.

இப்போது கேள்வி சின்னதாகிவிட்டது. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்வது என்று முடிவு பண்ணினால், ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். புருஷன் செத்துப் பெண் மிஞ்சினால் என்ன செய்வது? பெண்டாட்டி செத்து ஆண் மிஞ்சினால் என்ன செய்வது? உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் மூன்றும் இந்தக் கணக்கை நேர்செய்ய வந்த ஏற்பாடுகள் என்று அவர் காட்டுகிறபோது வகுப்பில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். தலைப்பு சுருங்கச் சுருங்க அது தொடுகிற இடம் பெருகிக்கொண்டே போகிறது. சாதியைப் பற்றிய கேள்வி பெண்ணைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. 'இந்திய மக்களின் வாழ்வியல்' என்று அவருக்கு யாராவது தலைப்புக் கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் தன் அனுபவத்தைக் கொண்டு ஆரம்பிக்கவில்லை. மசூர் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் போன பையனுக்குச் சாதி என்றால் என்ன என்பது உடம்பிலேயே தெரியும். ஆனாலும் நூலக மேசையில் நாலு பேர் புத்தகத்தைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். உடம்பில் தெரிந்தது, எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருக்கும். தட்டுவதற்கு அவருக்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

4

சரி, நூலகத்துக்குப் போகிறோம். அங்கே புத்தகத்துக்கு முன்னால் ஒரு பெயர் நிற்கிறது. கார்டு கேட்லாக் இருந்த காலத்தில் மரப்பெட்டியை இழுத்தால் ஆசிரியர், தலைப்பு, பொருள் என்று மூன்று வழி இருந்தது. இன்று கணினியில் தட்டுகிறோம். எப்படி இருந்தாலும் பொருள் வழியாகப் போகிறவன் ஒரு சொல்லைச் சொல்லித்தான் உள்ளே நுழைய முடியும். நாம் எந்தச் சொல்லைச் சொல்வது?

'தலித்' என்று தேடினால் கடந்த சில பத்தாண்டுகள்தான் வரும். நம் வரலாறு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1922க்கு முந்திய சென்னை மாகாண அரசுத் தாள்களில் நாம் பறையர், பஞ்சமர். அந்த ஆண்டு எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசாணை வந்த பிறகு ஆதிதிராவிடர். கூடவே 'ஒடுக்கப்பட்ட வகுப்பார்' என்ற பெயரும் ஓடுகிறது. 1930களில் காந்தியார் வழியாக அரிசன். 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அட்டவணைச் சாதி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் பட்டியலில் நீண்ட காலம் 'தீண்டத்தகாதோர்', இப்போது 'தலித்துகள்'. 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்று ஏழு சாதிகளுக்குச் சட்டப்படி ஒரு பெயர் வந்தது. பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய கார்டு மாறுவதில்லை.

பெயரே இல்லாமல் வேறு இடத்தில் கிடப்பதும் உண்டு. சேரிப் பள்ளிகளைத் தேடி ஓர் ஆவணக் காப்பகத்தில் 'கல்வி' என்ற தலைப்பின் கீழ் நான் நாள்கணக்கில் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கட்டு எடுத்து வந்து போடுகிற உதவியாளர் பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன தம்பி தேடுறீங்க?" சொன்னேன். "அது கல்வியில இருக்காது தம்பி. லேபர்ல பாருங்க. நான் படிச்சதே லேபர் ஸ்கூல்தான்." 1920களில் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பள்ளிகளும் வீட்டுமனைகளும் கிணறுகளும் லேபர் கமிஷனரின் பொறுப்பில் இருந்தன. அரிசன நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை என்றெல்லாம் ஆனது பின்னால். நம் பிள்ளைகளின் அரிச்சுவடியைக்கூட அரசு 'தொழிலாளர்' என்று பெயர் எழுதிய பெட்டியில்தான் வைத்திருந்தது. அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வரியில் ஆறு மாதம் மிச்சமாயிற்று. அரசு நம்மை வேலைக்கான கைகளாகப் பார்த்ததா, படிக்க வேண்டிய தலைகளாகப் பார்த்ததா என்ற கேள்வியும் அந்த வரியிலிருந்துதான் கிளம்பிற்று.

நூல்களை அடுக்கும் எண்ணிலும் இது நடக்கிறது. டூயி பகுப்புமுறையில் தமிழ் இலக்கியம் 894.811. தலித்துகளைப் பற்றிய சமூகவியல் 305.5688. வாழ்க்கை வரலாறு 920. ஒரு தலித் தன்வரலாறு இந்த மூன்றில் எங்கேயும் போய் உட்காரலாம். 894.811இல் வைத்தால் அது இலக்கியம், 305இல் வைத்தால் அது தரவு. தன் வாழ்க்கையை எழுதிய ஒருத்தியை எழுத்தாளர் என்று எண்ணுவதா, சாட்சி என்று எண்ணுவதா என்பதை ஒரு நூலகர் பென்சிலால் எழுதும் எண் தீர்மானிக்கிறது. அந்த ஒரே நூல் பத்து நூலகங்களில் எந்தெந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்து எழுதினால், அதுவே ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரை. யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நல்ல விதி. ஆனால் வாசகர் தன் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, புத்தகம் வேறொருவர் வைத்த பெயரில் உட்கார்ந்திருந்தால் எப்படிப் போய்ச் சேரும்? அதனால் நூலகத்துக்குப் போகிற நம் மாணவர் முதல் நாள் செய்ய வேண்டியது புத்தகம் எடுப்பது அல்ல. ஒரு தாளில் நம்மை அழைத்த பெயர்கள் அத்தனையையும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று எழுதிக்கொள்வது. வசவாக இருந்த பெயரையும் எழுதத்தான் வேண்டும். அந்தப் பெயரில்தான் நம் பாட்டனின் மனு கட்டப்பட்டுக் கிடக்கிறது.

5

பெயர்ப்பட்டியலோடு உள்ளே போய், ஒரு தலைப்பைச் சாணை பிடித்துப் பார்க்கலாம். 'தலித் இதழியல்' என்று ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஜெ. பாலசுப்பிரமணியத்தின் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' 2017இல் வந்துவிட்டது. 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களை அது வரிசைப்படுத்துகிறது. 'அதெல்லாம் கிடைக்காது' என்றவர்களுக்கு நூலகங்களிலிருந்தே எடுத்துக் கொடுத்த பதில் அந்த நூல். ஆக, கணக்கெடுப்பு வேலை நடந்திருக்கிறது. அதையே திரும்பச் செய்ய வேண்டாம், ஓர் இதழுக்குள் இறங்கலாம்.

அயோத்திதாசரின் இதழை எடுக்கிறாள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, அடுத்த ஆண்டு 'தமிழன்' ஆகி, 1914இல் அவர் இறக்கும்வரை அவர் நடத்திய வாரப் பத்திரிகை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிக் காத்து வைத்திருந்ததால்தான் அப்படி ஒரு தொகுப்பு சாத்தியமாயிற்று. நமக்கெல்லாம் கண் திறந்த தொகுப்பு அது. ஆனால் ஆய்வு செய்கிறவள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுப்பு அரசியல், சமூகம், சமயம், இலக்கியம் என்று பகுத்து அடுக்கப்பட்டிருக்கிறது. இதழில் அவை அப்படி வரவில்லை. ஒரு புதன்கிழமை வந்த தாளில் கட்டுரைக்குப் பக்கத்தில் என்ன செய்தி இருந்தது, என்ன விளம்பரம் இருந்தது, எந்த ஊர்க்காரர் சந்தா அனுப்பினார் என்பதைத் தொகுப்பில் தேட முடியாது. அதன் நோக்கம் ஓர் ஆசிரியரின் சிந்தனை. இவளுக்கு வாசகர்கள் வேண்டுமென்றால், தாளையே போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் கேள்வி தானாகத் திரும்புகிறது. 'அயோத்திதாசர் என்ன சொன்னார்' என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். 'அவர் சொன்னதை யார் கேட்டார்கள்?' கோலார் தங்கவயலில் வாசகர்கள் இருந்தார்கள். ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தார்கள். தங்கவயல் தொடர்பு எவ்வளவு பலமென்றால், 1926இல் 'தமிழன்' அங்கிருந்தே ஜி. அப்பாத்துரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மறுபடி வந்தது. சரி, தங்கவயல். ஆனால் ஏழு வருஷ இதழையும் பார்க்க முடியுமா? பார்க்க வேண்டாம். 1911 குடிமதிப்பு வருகிறது. நம்மவர்கள் தங்களைப் பௌத்தர் என்று பதிவுசெய்ய வேண்டும் என்று அயோத்திதாசர் வற்புறுத்தினார். அப்படியானால் 1910, 1911 இரண்டு வருஷத்து இதழ்கள், தங்கவயல் சம்பந்தப்பட்ட பகுதிகள் மட்டும். ஒரு பக்கம் இதழ், இன்னொரு பக்கம் மைசூர் சமஸ்தானத்தின் 1911 குடிமதிப்பு அறிக்கை. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் ஒரு வாரப் பத்திரிகையின் வார்த்தையைக் கேட்டு, கணக்கெடுக்க வந்தவரிடம் தங்கள் மதத்தை என்னவென்று சொன்னார்கள்?

கேள்வி இப்போது ஒரு கையில் அடங்குகிறது. பதில் என்னவாக வரும் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, எடுத்தவளுக்கும் தெரியாது. 'இதழ் பேசியது, எண்ணிக்கையில் அது தெரியவில்லை' என்றுகூட வரலாம். அப்படி வந்தால் கணக்கெடுத்தவர் யார், அவர் சொன்னதை எழுதினாரா தனக்குத் தோன்றியதை எழுதினாரா என்று அடுத்த கேள்வி நிற்கும். மதிப்பெண்ணுக்காக இல்லாமல் படிக்கிற ஆசை அங்கேதான் வருகிறது.

நாவலை எடுத்துக்கொண்டாலும் இதே வேலைதான். 'கோவேறு கழுதைகள் காட்டும் வாழ்வியல்' என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆரோக்கியம் பறையர் காலனிக்குத் துணி வெளுக்கிற வண்ணார் வீட்டுப் பெண். அவளுக்குக் கூலி வீட்டுச் சோறாகவும் களத்து நெல்லாகவும் வருகிறது. அந்தக் கூலி தேய்ந்துகொண்டே போவதுதான் நாவலின் முதுகெலும்பு. அதை மட்டும் எடுங்கள். பிறகு நூலகத்தில் 1906இல் வந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரையும், 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய நூலையும் திறந்து, ஒடுக்கப்பட்டவர்களுக்குத் துணி வெளுத்தவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தர்ஸ்டனைப் பிரமாணமாக எடுக்கச் சொல்லவில்லை. அதிகாரியிடம் தகவல் சொன்னவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். அதிகாரி பார்க்காத எதை நாவல் பார்த்திருக்கிறது என்பது அப்போது பளிச்சென்று தெரியும். நமக்குக் கீழேயும் ஒருவரை வைத்து வேலை வாங்கியிருக்கிறோம் என்ற சங்கடமும் தெரியும். 'வாழ்வியல்' என்று போட்டால் அந்தச் சங்கடத்தை இயல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மறைத்துவிடலாம்.

6

நம் தோழர்களில் சிலருக்கு இதில் கோபம் வரும் என்று தெரியும். 'நூலகம் அவங்க கட்டினது, அவங்க பெயர் வெச்சது. நம்ம வரலாறு ஒப்பாரியிலயும் பாட்டி வாயிலயும் இருக்கு. அங்க போய் என்னத்தத் தேடுறது?' என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். பாட்டியின் வாய்மொழி வேண்டாம் என்று சொல்ல நான் யார்? லேபர் பெட்டியைக் காட்டியதே ஒரு பெரியவரின் வாய்தான். ஆனால் நூலகம் நம்முடையது இல்லை என்று விட்டுக்கொடுப்பது, அதில் கிடக்கிற நம் பத்திரிகையையும் நம் மனுவையும் சேர்த்து விட்டுக்கொடுப்பது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பெயர் வைத்து நடத்தினார். அது எழுத்து. அச்சு. அவர் பாட்டி வாய்மொழியை மட்டும் நம்பியிருக்கவில்லை.

களத்தில் இருக்கிறவர்களுக்குத் தலைப்பைச் சுருக்குவது எப்படி என்று நான் சொல்லித் தர வேண்டியதுமில்லை. பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் நிலம் கொடுக்க அரசாணை வந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு அந்த நிலம் யார் யாரிடமோ இருந்தது. 'பஞ்சமி நிலத்தை மீட்போம்' என்பது முழக்கம். 1994இல் காரணையில் அந்த முழக்கம் போராட்டமாயிற்று. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போன தோழர்கள் என்ன செய்தார்கள்? எந்தக் கிராமம், எந்த சர்வே எண், 'அ' பதிவேட்டில் டி.சி. நிலம் என்று இருக்கிறதா, எந்த வருஷம் யார் பெயருக்குப் பட்டா மாறிற்று என்று தேடினார்கள். மாகாணம் முழுக்க இருக்கிற அநியாயத்தை ஒரு சர்வே எண்ணுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாசில்தார் முழக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, சர்வே எண்ணுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆய்வுத் தலைப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறேன். 'வாழ்வியல்' என்ற சொல்லுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது யாரையும் தொந்தரவு செய்யாது. அதனால்தான் அது தாராளமாகக் கொடுக்கப்படுகிறது.

7

மாணவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். நூலகம் போவதற்குக் காசு வேண்டும், நேரம் வேண்டும். சென்னையில் கன்னிமாரா 1896இலிருந்து இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த நூல்களிலிருந்து வந்தது அது. எழும்பூரில் ஆவணக் காப்பகம். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இவை எல்லாமே பஸ் கட்டணம், ஒரு வேளைச் சாப்பாடு, தங்க ஒரு இடம். அதனால் தலைப்பைச் சுருக்கும்போது கையில் இருக்கிற பணத்தையும் நாளையும் எண்ணிப் பார்ப்பது கேவலம் இல்லை. தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் நிறைய இருக்கின்றன. ஊரிலிருந்தபடியே பார்க்க முடிந்ததை எல்லாம் முதலில் பார்த்துவிட்டு, போய்த்தான் ஆக வேண்டும் என்கிற நாலு கட்டுக்கு மட்டும் போங்கள். போவதற்கு முன் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்பில் நம் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கையெழுத்தைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு, விடாமல் கேளுங்கள்.

ஆசிரியர் தலைப்பைச் சுருக்கச் சொன்னால் சண்டை போடாதீர்கள். 'எந்தப் பக்கம் சுருக்கட்டும் ஐயா?' என்று கேளுங்கள். காலத்தைச் சுருக்கலாம், இடத்தைச் சுருக்கலாம், சான்றைச் சுருக்கலாம். கேள்வியைச் சுருக்கச் சொன்னால் மட்டும், நூலகத்தில் எடுத்த குறிப்பை முன்னால் வையுங்கள். இது இருக்கிறது, இங்கே இருக்கிறது, இந்தக் கட்டில் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினால் 'கிடைக்காது' என்று சொல்ல அவருக்கு வழி இருக்காது. நல்ல ஆசிரியராக இருந்தால் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்டவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தலைப்பை எழுதி முடித்ததும் ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். அதைச் சேரியில் ஒருவரிடம், படிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துக் காட்டுங்கள். 'நல்லாருக்குப்பா' என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போனால், தலைப்பை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். 'அது சரி, அன்னிக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எடத்த யாரு குடுத்தா தெரியுமா?' என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால், நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.